வெயில் படத்தில் ஏன் மூன்று நேரம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கோத்தகிரி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நாங்கள் வரைந்து அனுப்பும் வெயில் நிழல் படங்களின் (கட்டடத்தின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று காட்டுபவை) ஓரத்தில் இனி மூன்று நேரங்கள் அச்சாகும்: அந்த ஊர்க் கடிகார நேரம், கோடை மாற்றம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் வழக்கம்) சேராத நிலையான நேரம், அன்றைய உச்சிப்பொழுது, அதாவது சூரியன் வானில் மிக உயரத்தில் நிற்கும் நேரம். ஒரே நேரத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்காக இந்த மடல்.

வெளிநாட்டில் வீடு கட்டுகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "மார்ச் 21, செப்டம்பர் 21 இரண்டு நாளும் சூரியன் கிட்டத்தட்ட ஒரே பாதையில்தான் போகிறது. இரண்டு படத்திலும் பகல் 12 மணி என்றுதான் இருக்கிறது. பிறகு நிழல் மட்டும் ஏன் திசை மாறி விழுகிறது?"

லண்டனில் ஒரு மனை என்று வைத்துக்கொள்வோம். அங்கே மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். மார்ச் 21 எப்போதும் அந்த மாற்றத்துக்கு முன்பே வந்துவிடும். செப்டம்பர் 21 மாற்றத்துக்குள் இருக்கும். அதனால் மார்ச்சில் கடிகாரம் 12 அடிக்கும்போது உச்சிப்பொழுதுக்கு 8 நிமிடம்தான் பாக்கி. செப்டம்பரில் அதே 12 மணிக்கு ஏறக்குறைய 54 நிமிடம் பாக்கி. நிழல் சுமார் 15 டிகிரி திரும்பிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க அது போதும்.

ஒரு மணி தள்ளினால் வித்தியாசம் 60 நிமிடம் வர வேண்டும், 46 தானே வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. மீதி 14 நிமிடம் சூரியனுடையது. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தைவிட 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். இதற்கும் அரசாங்க உத்தரவுக்கும் சம்பந்தம் இல்லை.

நியூயார்க்கில் இந்தக் குழப்பம் வராது. மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறே தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை நீள்வதால் இரண்டு 21-ம் உள்ளேயே அடங்கும். சிட்னியில் எல்லாம் தலைகீழ். மார்ச் 21 மாற்றத்துக்குள், செப்டம்பர் 21 வெளியே. சிங்கப்பூரில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை, ஆனால் அங்கே உச்சிப்பொழுதே பகல் ஒரு மணி வாக்கில்தான் வரும்.

நம் ஊரில் இந்தத் தொல்லை இல்லை. (உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை, இந்தியக் கடிகாரத்தையும் ஒரு மணி முன்னே வைத்திருந்தார்கள். இப்போது அப்படி இல்லை.) ஆனாலும் கோத்தகிரியில் 12 மணிக்குச் சூரியன் உச்சியில் நிற்கும் என்று நம்பிவிட வேண்டாம். இந்திய நேரம் கிழக்கே 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். சராசரியாக 22 நிமிடத்துக்கு மேல் பிந்துகிறோம். பிப்ரவரி நடுவில் உச்சிப்பொழுது 12.37, நவம்பர் தொடக்கத்தில் 12.06. கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே கதைதான், இரண்டு மூன்று நிமிடம் முன்னதாக.

உங்கள் மனையிலேயே பார்த்துவிடலாம். சமதளமான இடத்தில் ஒரு நேர்க்கம்பை நட்டு, மேஸ்திரியிடம் தூக்குக்குண்டு வாங்கி நிமிர்வைச் சரிபாருங்கள். பதினொன்றரையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் ஓர் ஆணி அடித்துவாருங்கள். நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் உச்சிப்பொழுது, அந்தக் கோடு வடக்கு தெற்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை செய்தால் நிழல் தெற்கே விழும், பயந்துவிடாதீர்கள். அந்த மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. வடக்கு ஜன்னலுக்குச் சன்ஷேட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாங்கள் காட்டும் சாட்சியும் இதுதான்.

சரி, எந்த நேரத்தை நம்புவது? பூச்செடி, புல்தரை, உறைபனி உருகாத மூலை, சோலார் தகடு இவற்றுக்கெல்லாம் நிலையான நேரமே சரி. செடி கடிகாரம் பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதற்குமான மணிவாரி வானிலைக் கோப்புகளும் நிலையான நேரத்தில்தான் இருக்கும். அதில் கோடை மாற்றத்தைக் கலந்தால் பாதி ஆண்டு ஒரு மணி பிசகும். வகுப்பறையில் கரும்பலகை மீது வெயில் அடிக்கிறதா, அலுவலக மேசையில் கண் கூசுகிறதா என்பது வேறு விஷயம். ஆட்கள் கடிகாரப்படிதான் வந்து உட்காருகிறார்கள். அங்கே கோடை மாற்றத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ராகு காலம் சொல்லும் பெரியவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும்.

நிழல் படத்தின் கணினிக் கோப்பை, ரெவிட், ஸ்கெட்ச்அப் போன்ற கட்டட வரைபட மென்பொருளில் நீங்களே திறந்து பார்ப்பதானால் ஒரு வார்த்தை. ரெவிட்டில் இடத்தைக் குறிக்கும் பெட்டியிலேயே கோடை மாற்றத்துக்கு ஒரு டிக் இருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிழலைப் பாருங்கள். ஸ்கெட்ச்அப் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மணியை நீங்கள்தான் கூட்டிக் கழிக்க வேண்டும். அப்புறம், கைபேசி காட்டும் உதய நேரம் தட்டையான அடிவானத்துக்கானது. உங்கள் வீட்டுக்குக் கிழக்கே மேடு இருந்தால் வெயில் அதைத் தாண்டித்தான் முற்றத்துக்கு வரும், அதைத் தனியாகக் குறித்துத் தருகிறோம். மஞ்சு எப்போது இறங்கும் என்று மட்டும் எங்களைக் கேட்காதீர்கள்.

இனி படம் கேட்கும்போது மனையின் இடக்குறிப்போடு, உள்ளூர் அனுமதி அலுவலகம் எந்த நாள், எந்த நேரம் கேட்கிறது என்பதை அவர்கள் எழுதியிருக்கும் வார்த்தைகளிலேயே அனுப்புங்கள். அவர்கள் எதுவும் சொல்லவில்லை என்றால் நிலையான நேரத்தில் வரைந்து, கடிகார நேரத்தைக் கீழே போடுவோம். பழைய படங்களுக்கு மூன்று நேரமும் குறித்த புது ஓரத்தாள் வேண்டுவோர் படத்தின் எண்ணைச் சொன்னால் போதும், கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் வரைபடக் கூடத்தார்