வாணி விழா வீட்டிலும் நடக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நவராத்திரி வருகிறது. எங்கள் வன்னியில் வாணி விழா பள்ளிக்கூடத்தோடும் கந்தோரோடும் முடிந்துவிடுகிறது. வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு சரை அவல்தான்.

நாங்கள் வீட்டிலும் கும்பம் வைக்கிறோம். நவதானியம் விதைத்த மண்ணுக்குத் தண்ணீர் தெளிப்பது சின்னவளின் பொறுப்பு. முளை வந்துவிட்டதா என்று விடிய எழும்பியதும் ஓடிப்போய்ப் பார்ப்பாள். சரஸ்வதிக்குரிய கடைசி மூன்று நாளும் கொப்பிகளுக்குப் பக்கத்தில் மண்வெட்டியும் என் தையல் மெசினும் இருக்கும். காலபோக விதைப்பு நெருங்கும் நேரமல்லவா, உழவு இயந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு உண்டு.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் இதெல்லாம் விட்டுப்போனது. விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்க வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ போதும். பெற்றோரே, இந்த வருடமே தொடங்குங்கள்.

ஒரு தாய்,
கிளிநொச்சி