கரூர் ஆற்றில் கிடைத்தது என்று சொல்லி விற்ற ரோமானிய நாணயம் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான சான்றிதழுடன் வந்த இரண்டு ரோமானிய வெண்கல நாணயங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ரூ.9,300 தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். பழைய நாணயம் சேர்க்கத் தொடங்கி எனக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. போன மாதம் உங்களிடம் இரண்டு ரோமானிய வெண்கல நாணயங்கள் வாங்கினேன். ஒன்று ரூ.7,500, இன்னொன்று ரூ.1,800. எனக்கு அடையாளம் காணத் தெரியாது என்பதால்தான் சான்றிதழ் தருகிற இடமாகப் பார்த்து வாங்கினேன். அந்தச் சான்றிதழை நம்ப முடியாமல் போனதால்தான் இந்தக் கடிதம்.

முதல் நாணயத்தின் சான்றிதழில் நீங்கள் எழுதியிருப்பது இது: ரோமப் பேரரசர் மகா கான்ஸ்டன்டைன், கி.பி. 312, மில்வியன் பாலப் போர் வெற்றியின் நினைவாக ரோம் நகரில் அச்சிட்டது, மிக அரியது, கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்தது.

நாணயம் கைக்கு வந்ததும் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலையைச் சுற்றியுள்ள எழுத்தை இடது கீழ்ப்பக்கம் தொடங்கி, கடிகார முள் போகிற திசையில் ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினேன். கான்ஸ்டன்டினஸ் என்ற பெயர் தெளிவாக இருந்தது. அதற்கு அடுத்து ஐ, வி, என் என்று மூன்று எழுத்து. இது இளையவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம். அப்புறம் நோப் சி, அதாவது பேரரசருக்கு அடுத்த நிலையில் இருப்பவருக்கான சீசர் பட்டம். அப்பா மகா கான்ஸ்டன்டைன் தம் நாணயத்தில் மேக்ஸ் ஆக், அதாவது பேரரசர் பட்டத்தைப் போட்டுக்கொள்வார். ஆக, இது மகன் இரண்டாம் கான்ஸ்டன்டைனின் நாணயம். தலையைப் பார்த்தாலும் அதே கதைதான். இந்த வகையில் அப்பாவுக்கு மணி பதித்த தலைப்பட்டை இருக்கும், இதில் இருப்பது இலை மாலை. நீங்கள் போட்டிருக்கிற 312-இல் அந்த மகன் பிறக்கவே இல்லை.

பின்பக்கத்தில் இரண்டு போர்வீரர்கள், நடுவில் இரண்டு படைக்கொடிகள், சுற்றிலும் குளோரியா எக்ஸர்சிட்டஸ், அதாவது 'படையின் பெருமை' என்ற வாசகம். இந்த வகை 330-இல் தொடங்கியது. 335 வாக்கில் கொடி ஒன்றாகக் குறைந்து, நாணயமும் சிறுத்துப் போனது. வீரர்களின் காலடியில் ஒரு கோடு, அதன் கீழே எஸ்.எம்.கே., கூடவே காமா என்ற கிரேக்க எழுத்து. கே என்றால் இன்றைய துருக்கியில் இருந்த சிசிகஸ் நகர அக்கசாலை, அதாவது நாணயம் அச்சிடும் இடம்; காமா என்றால் அதன் மூன்றாவது பட்டறை. ரோம் எங்கே, சிசிகஸ் எங்கே? இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலை நேரம் போதுமாக இருந்தது. சான்றிதழுக்கென்று தனியாக ரூ.500 வாங்கிக்கொண்ட நீங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே பார்த்ததாகவே தெரியவில்லை.

சரி, விலைக்கு வருகிறேன். போனில் கேட்டபோது உங்கள் ஊழியர், "ஆயிரத்து எழுநூறு வருஷம் பழசு சார், அரிதா இல்லாம எப்படி இருக்கும்?" என்றார். வயதுக்கும் அரிதாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. பேரரசின் பல அக்கசாலைகளிலும் இதைக் கணக்கில்லாமல் அடித்துத் தள்ளினார்கள். எந்த அக்கசாலை, எழுத்து முழுசாக இருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா, தேய்மானம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் விலை. இரண்டு வாரம் கழித்து ஒரு நாணயக் கண்காட்சியில் இதே வகை, இதைவிடத் தெளிவானது, ரூ.900-க்குக் கிடைத்தது. வாங்கி வைத்திருக்கிறேன், பில்லின் நகலும் இணைத்திருக்கிறேன்.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது கரூர்ப் பெயர். அமராவதி ஆற்று மணலில் ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்திருப்பது உண்மை. மதுரையிலும் இலங்கையிலும்கூடக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் புழங்கித் தேய்ந்து, எழுத்தே வாசிக்க முடியாதபடி இருக்கும். அங்கே கிடைக்கிற ஒவ்வொரு காசும் யார், எப்போது, எதைக் கொண்டு வந்தார்கள் என்பதற்குச் சாட்சி. உங்கள் நாணயத்தின் இடுக்குகளில் செம்மண் ஒட்டியிருந்தது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் லேசாகத் தொட்டதும் மண் பசையோடு சேர்ந்து நூலாக இழுபட்டு வந்தது. ஆற்று மண்ணுக்குப் பசை எதற்கு? அந்தப் பஞ்சைக்கூட ஒரு சிறு உறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இல்லை, உண்மையிலேயே கரூரில்தான் கிடைத்தது என்று நீங்கள் சொன்னால், யாரிடமிருந்து வாங்கினீர்கள், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தரப்பட்டதா என்று எழுத்தில் தெரிவியுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் நீங்கள் பெற்றுள்ள விற்பனை உரிமத்தின் எண்ணையும் தெரிவியுங்கள்.

இரண்டாவது நாணயம் மகா கான்ஸ்டன்டைனின் இன்னொரு மகனான இரண்டாம் கான்ஸ்டன்ஷியஸ் காலத்தது, குதிரையிலிருந்து விழும் வீரனை ஈட்டியால் குத்தும் படம். அடையாளம் சரிதான். ஆனால் மூன்றே வாரத்தில் அதன் மேல் வெளிர் பச்சைப் பொடி பூத்துவிட்டது. செம்பில் படிந்த பழைய களிம்பு கெட்டியாக இருக்கும், பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் வராது. இது மாவாக உதிர்கிறது, துடைத்தால் மறுபடி வருகிறது. உள்ளே தங்கிய குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. இதைக் காற்றுப் புகாத உறையில் ஈரப் பஞ்சோடு அனுப்பியது நீங்கள்தான். மற்ற நாணயங்களிலிருந்து பிரித்து, உலர்த்தும் ஜெல் பையோடு தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இரண்டையும் உங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு ரூ.9,300-ஐயும் சான்றிதழ்க் கட்டணம் ரூ.500-ஐயும் 15 நாளில் திருப்பித் தர வேண்டும். விற்பனைப் பட்டியலில் கரூர் என்ற பெயரோடு இன்னும் ஆறு நாணயங்கள் இருப்பதை நேற்றுகூடப் பார்த்தேன். ஆதாரம் இல்லாவிட்டால் அந்த வரியை நீக்குங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பெரிதாக்கி எடுத்த படங்களையும் சான்றிதழ் நகல்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்