பேரனுக்கு வாசித்துக் காட்டு

அன்புள்ள தாயி,

இங்கே நானும் அம்மாவும் நலம். பால்கனித் தொட்டியில் இருக்கிற கறிவேப்பிலைச் செடியில் புழுவைப் பார்த்துப் பேரன் அலறிவிட்டான் என்று போனில் சொன்னாய். குச்சியால் தொட்டதும் தலையிலிருந்து சிவப்பாகக் கொம்பு நீண்டு கெட்ட வாடை அடித்ததாமே. அவனைத் திட்டாதே. தொட்டவர்கள் பயந்து விலக வேண்டும் என்றுதான் அந்தப் புழு அப்படிச் செய்கிறது. இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டு.

அந்தப் புழுவுக்குக் கொடுக்கு கிடையாது, ஓடவும் முடியாது. குட்டியாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இலைமேல் கிடக்கும். எச்சத்தை எந்தக் குருவி கொத்தும்? வளர்ந்தபின் அந்த வேஷம் செல்லாது. அப்போது தோலை உரித்துவிட்டு இலைப் பச்சைக்கு மாறிக்கொள்ளும். அப்படியும் எறும்போ சிலந்தியோ நெருங்கினால் கடைசியாகத்தான் அந்தக் கொம்பும் நாற்றமும். கொம்பு வெறும் சதை, குத்தாது. செடிக்கு மருந்து அடித்துவிடாதே, நாலு இலை போனால் போகட்டும். கொஞ்ச நாளில் அது நூலால் இடுப்பைக் குச்சியோடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். வண்ணத்துப்பூச்சி வெளியே வரும் நேரத்தில் அவனைப் பக்கத்தில் நிறுத்தி வை.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது அவனைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். கரை நெடுக எருக்கஞ்செடிதான். எருக்கம்பாலில் இதயத்தையே பாதிக்கும் விஷம் இருக்கிறது. அந்த இலையைத் தின்றே வளர்கிற புழு ஒன்று உண்டு. உடம்பெல்லாம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம். ஒளிந்துகொள்ளவே செய்யாது, பட்டப்பகலில் இலைமேல் உட்கார்ந்திருக்கும். முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அப்புறம்தான் தின்ன ஆரம்பிக்கும். அப்படியும் உள்ளே போகிற விஷத்தை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். வளர்ந்தபின் அதுதான் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி. ஆரஞ்சு நிறம், இறக்கை நுனியில் கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டு. மெதுவாகத்தான் பறக்கும், அவசரமே படாது. ஒருமுறை அதைக் கொத்திக் கசப்பு கண்ட பறவை மறுபடி அந்த நிறத்தின் பக்கம் போகாது.

இதிலே இன்னொரு கூத்து நடக்கிறது. பருப்புக்கீரையைத் தின்று வளர்கிற வேறொரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அதன் உடம்பில் அந்த விஷம் இல்லை. ஆனால் பெண் பூச்சி மட்டும் அச்சு அசல் வெந்தய வரியன் மாதிரியே இருக்கும். ஆண் கறுப்பு, இறக்கையில் பெரிய வெள்ளை வட்டம். முட்டை சுமந்து, இடம் தேடி அலைய வேண்டியது பெண் அல்லவா, வேஷம் அவளுக்குத்தான் அதிகம் தேவை என்று எனக்குப் படுகிறது. ஆனால் போலிகள் பெருகிவிட்டால் இந்த வேஷம் பலிக்காது. அடிக்கடி ருசியானதே வாயில் சிக்கினால் பறவைக்குப் பயம் விட்டுப்போகும்.

அதே செடியில் மஞ்சளும் நீலமுமாக எருக்கு வெட்டுக்கிளியையும் பார்க்கலாம். அதன் குஞ்சைப் பிடித்தால் முதுகிலிருந்து விஷ நீரைப் பீய்ச்சும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று இப்போதே சொல்லி வை.

எனக்கு ரொம்பப் பிடித்தது குழியானை. வீட்டுக்குப் பின்னால் சுவரோரம், மழை படாத பொடிமண்ணில், புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருக்குமே, அதுதான். பின்பக்கமாகவே நகர்ந்து சுற்றிச் சுற்றிக் குழி தோண்டி, அடியில் தாடையை மட்டும் விரித்துப் புதைந்திருக்கும். எறும்பு தவறி விழுந்து மேலே ஏறப் பார்த்தால் தலையால் மண்ணை வாரி எறியும். சரிவு இடிந்து எறும்பு கீழே வந்துவிடும். தாடை இரண்டும் உள்ளே குழல், அதன் வழியாகவே சாற்றை உறிஞ்சும். இரை விழாவிட்டால் வாரக்கணக்கில் பட்டினி தாங்கும். பேரனுக்குப் பிடித்த விஷயம் ஒன்று: குழியில் கிடக்கிற காலம் முழுக்க அது வெளிக்குப் போவதே இல்லை. கழிவெல்லாம் வயிற்றிலேயே இருக்கும். மண்ணுருண்டைக்குள் கூடு கட்டி, தட்டானைப் போல நீண்ட இறக்கையோடு வெளியே வந்த பிறகுதான் அதை விடும்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல் தலம். போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து வல்லூறைத்தான் தேடுகிறார்கள். அங்கே 250 வகைப் பறவை இருக்கிறது என்கிறார்கள். அதில் பலவும் குஞ்சுக்கு ஊட்டுவது இந்தப் புழுவையும் பூச்சியையும்தான். ஒரு நாள் காலையிலேயே அவனை அங்கே கூட்டிப்போய், குனிந்தும் பார்க்க வைக்க வேண்டும்.

முழுக்கால் பேண்ட் இரண்டு எடுத்து வை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதல், அதனால் இலையைப் பறிப்பதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். பூதக்கண்ணாடி இங்கேயே வாங்கிவிடலாம், நீ தூக்கி வர வேண்டாம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எந்த ரயில், எத்தனை மணிக்கு மதுரை வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடு, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா