பொம்மைப் பிரசவம்

குடியாத்தம்
ஞாயிறு

அன்புள்ள கண்ணு,

"இந்த வயசுல பொம்மைக்குப் பிரசவம் பார்க்க வேலூர் வரைக்கும் போனியாம்மா?" என்று சிரித்தாய். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்பாய், அதனால் எழுதுகிறேன்.

அது எங்களை மாதிரி நர்ஸ்களுக்குப் பிரசவ ஆபத்தைச் சமாளிக்கும் பயிற்சி. முழுப் பொம்மைகூட இல்லை. கூட வேலை பார்க்கிற சிஸ்டரே ரப்பர் வயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்து, வலிக்குது வலிக்குது என்று கத்துவாள். குழந்தை வந்ததும் உள்ளே இருக்கும் பையிலிருந்து சிவப்புத் தண்ணீரைத் திறந்துவிடுவாள். முதலில் எங்களுக்கும் சிரிப்புதான். அது நிற்காமல் ஓட ஆரம்பித்ததும் சிரிப்பு போய்விட்டது. டாக்டர் "ஆக்ஸிடோசின் போடுங்க" என்றார். கருப்பையைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்துகிற ஊசி அது. மருந்தைப் பக்கத்தில் நின்ற சிஸ்டர் எடுக்கிறாள் என்று நான் நினைக்க, நான் எடுக்கிறேன் என்று அவள் நினைக்க, கடைசியில் யாருமே போடவில்லை. அப்புறம் வீடியோவில் பார்த்தோம். துணியில் ஊறியது 300 மில்லி இருக்கும் என்றேன். அளந்தால் 800. பிரசவத்தில் 500 தாண்டினாலே ஆபத்து. முப்பது வருஷ சர்வீஸ், போ!

மறுமுறை பெயர் சொல்லித்தான் வேலை கொடுக்க வேண்டும், செய்தவள் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆக்ஸிடோசின் 10 யூனிட், தசையில் போட்டாச்சு." ஒருத்தி கருப்பையைத் தேய்ப்பாள், ஒருத்தி மணி பார்த்து எழுதுவாள். ரத்தப்போக்கை அடக்குகிற டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், பிரசவமான 3 மணி நேரத்துக்குள். மருந்தெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். வாய் திறக்கத்தான் தெரியாது.

உன்னிடம் சொன்னதில்லை. நீ ஏழாவது படிக்கும்போது, அப்போது இருந்த ஆஸ்பத்திரியில், ஒரு பெண்ணுக்கு ரத்தம் அதிகமாகப் போவது என் கண்ணில் பட்டது. டாக்டருக்குத் தெரியாதா என்று பேசாமல் நின்றேன். அவள் பிழைத்தாள், கருப்பையை எடுத்துவிட்டார்கள். தலைப்பிரசவம். அன்று ராத்திரி நான் சாப்பிடாமல் படுத்தது உன் கணக்கு மார்க்கால்தான் என்று நீ அழுதாய்.

போன செவ்வாய் நைட் டூட்டி. தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. "தோள் மாட்டிக்கிச்சு, மணி 2:10" என்று கத்தினேன். இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தாயின் கால்களை வயிற்றோடு மடித்துப் பிடிக்க வைத்தேன். புதிதாக வந்த டாக்டரம்மாவிடம், "மேடம், இழுக்காதீங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அடிவயிற்றில், எலும்புக்கு மேலே அழுத்தியதும் தோள் நழுவி பையன் வந்துவிட்டான். நாலு கிலோ. வந்ததும் அழுதான்.

விடியற்காலையில் டாக்டரம்மா டீயோடு வந்து உட்கார்ந்து, "சிஸ்டர், நான் ரொம்ப இழுத்துட்டேனா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இழுத்தீங்க மேடம்" என்றேன்.

அம்மா