விக்கிப்பீடியாவில் ஒரு திரைப்படத்தைப் பதிவு செய்வது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் திரைப்படக் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகத் தொகுத்து வருபவன் என்ற முறையிலும், அவற்றில் பலவற்றுக்குத் தங்கள் நாளிதழின் விமர்சனங்களையே மேற்கோளாகக் காட்டியவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு புதிய படத்தின் கட்டுரையில், படம் வெளியான மூன்றாம் நாளே வசூல் என்று ஒரு தொகையை யாரோ சேர்த்திருந்தார்கள். அதற்குச் சான்றாகத் தரப்பட்டிருந்தது ஒரு விளம்பரச் சுவரொட்டி. நான் அதை நீக்கினேன். அன்று மாலைக்குள் வேறு இருவர் இரு வேறு தொகைகளை எழுதிவிட்டனர். திரையரங்க வசூலைத் தணிக்கை செய்து பொதுமக்களுக்கு வெளியிடும் அதிகாரபூர்வமான ஏற்பாடு நம் நாட்டில் இல்லாத நிலையில், தொகுப்பாளர்கள் கலந்துரையாடும் பேச்சுப் பக்கத்தில் எத்தனை நாள் வாதிட்டாலும் எந்தத் தொகை சரி என்று முடிவு காண வழியில்லை. அதே கட்டுரையில் ஒலிப்பதிவாளரின் பெயர் இல்லை, கலை இயக்குநரின் பெயர் இல்லை. கதையோ இடைவேளையோடு நின்றிருந்தது.

படத்தின் வெற்றியைப் பற்றி எழுதவே கூடாது என்பதல்ல என் கருத்து. 1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ், சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது கட்டுரையில் கட்டாயம் இருக்க வேண்டிய செய்தி. எந்த அரங்கு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று அந்நாளைய நாளிதழ் விளம்பரங்களைப் புரட்டி எவரும் சரிபார்க்கக்கூடிய செய்தி அது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஹெச். எம். ரெட்டி இயக்கத்தில் டி. பி. ராஜலட்சுமி நடித்து 1931 அக்டோபர் 31 அன்று வெளியான காளிதாஸ், தமிழின் முதல் பேசும் படம் என்று பள்ளிப் பிள்ளைகள் கூடச் சொல்வார்கள். ஆனால் அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் மறுமொழி சொன்னார் என்பதும், காளிதாசன் கதைக்குத் தொடர்பே இல்லாமல் காந்தியடிகளின் ராட்டினத்தைப் போற்றும் மதுரகவி பாஸ்கரதாஸின் பாடல் அப்படக் காட்சியில் ஒலித்தது என்பதும், அக்காலத்தில் யாரோ எழுதி வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தன. அந்த ஒரு பாடலைப் பற்றிய குறிப்பு 1931-ஆம் ஆண்டின் தமிழகத்தை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது! அதன் வசூல் எவ்வளவு என்று இன்று யார் கேட்கிறார்கள்?

பழைய திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் சிலவற்றை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். தாள்களைக் கோத்த கம்பி துருவேறி, தாள் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிர்கிறது. ஆனாலும் பாடல்களோடு நடிகர் பட்டியலும், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படச்சுருளைக் கழுவிப் பிரதியெடுக்கும் ரசாயனக்கூடம் வரையிலான பெயர்களும் அவற்றில் இருக்கின்றன. கதைச் சுருக்கம் மட்டும் விறுவிறுப்பான கட்டத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிந்துவிடும். பார்ப்பதற்கு வெள்ளித்திரையில் படமே இல்லாது போன இந்நாளில், அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. கலைக்களஞ்சியக் கட்டுரை முடிவையும் சேர்த்துத்தான் கதையைச் சொல்ல வேண்டும். சுவை கெட்டுவிடும் என்று சில அன்பர்கள் அதை நீக்குகிறார்கள். அவர்களது அக்கறை எனக்குப் புரிகிறது, ஆயினும் சுவையைக் காக்க வேண்டியது விளம்பரத்தின் வேலை.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். விமர்சனத்தின் அடியில் நான்கு வரி ஒதுக்கி, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, கலை, சண்டைப் பயிற்சி முதலான பணிகளைச் செய்தவர்களின் பெயர்களைப் படத்தின் டைட்டிலில் உள்ளவாறே அச்சிடுங்கள். அச்சில் வந்த பெயருக்கு மேற்கோள் கிடைத்துவிடும். தங்கள் அலுவலகத்தில் பழைய இதழ்களின் திரைப்பட விளம்பரப் பக்கங்கள் பாதுகாக்கப்பட்டிருந்தால், அவற்றைப் பார்வையிட அனுமதி தாருங்கள். என்னைப் போன்ற தொகுப்பாளர்கள் விடுமுறை நாட்களில் வந்து, தங்கள் பணிக்கு இடையூறு இல்லாமல் குறிப்பெடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.