பார்சலில் ஒரு கயிறு வருகிறது

சேலம்

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம்.

ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் படகு மோட்டாரைக் கிளப்பும் கயிறு நடுக்கடலில் அறுந்துபோனதையும், மீனவர்கள் உங்களைக் கட்டி இழுத்து வந்ததையும் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே மாற்றுக் கயிறு வாங்க என்னைச் செவ்வாய்ப்பேட்டைக்கு விரட்டிவிட்டாள்.

சேலத்துக்காரனுக்குப் படகு என்றால் ஏற்காட்டு ஏரியின் மிதிப்படகும் மேட்டூர்ப் பரிசலும்தான். ஆனாலும் கயிறு இழுத்து எஞ்சினைக் கிளப்புவது எனக்குப் புதிதல்ல. ஓமலூர், தாரமங்கலம் பக்கத்துக் கிணற்று மேடுகளில், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்புசெட்டுகளோடுதானே என் பாதி வயது போயிற்று. கப்பியில் உள்ள வெட்டில் முடிச்சை மாட்டி, சுற்றி, இழுக்க வேண்டும். உன் மோட்டாரிலும் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றினால், ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரத்தில் அப்படி ஒரு வெட்டு தெரியும்.

அனுப்பியிருப்பது 6 மி.மீ. பின்னல் நைலான், ஒன்றரை மீட்டர். கடைக்காரர் முறுக்குக் கயிற்றைத்தான் முதலில் எடுத்துப் போட்டார். அது சுற்றும்போது புரி திரும்பிக்கொள்ளும், வேண்டாம் என்றேன். பருத்திக் கயிறு ஈரத்தில் இற்றுவிடும். நுனிகளை மெழுகுவர்த்திச் சுடரில் உருக்கி, ஈரத் துணியால் அழுத்தி உருட்டியிருக்கிறேன், பிரியாது. ஒரு நுனியில் எட்டு வடிவ முடிச்சு. மறு நுனியில் பிடி, நம் பழைய மண்வெட்டிக் காம்பை அறுத்தது. துளையின் விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டேன், கூரிருந்தால் கயிற்றை அதுவே அறுத்துவிடும்.

மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் ஓரிரு சுற்று சுற்று. முதலில் மெதுவாக இழு. இறுக்கம் தெரிந்ததும் ஒரே வீச்சில் இழுத்துவிடு. பின்னால் யாரும் நிற்கக் கூடாது, கயிற்று நுனி சாட்டையாக வந்து அடிக்கும். இழுப்பதற்கு முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு முறை பார். கியரில் இருந்தால் கிளம்பவிடாமல் தடுக்கும் பூட்டு இந்த முறையில் வேலை செய்யாது, படகு பாய்ந்துவிடும்.

கயிற்றை எக்காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளாதே. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கயிறு கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒரு விவசாயியின் மணிக்கட்டு அப்படி முறிந்ததை நேரில் பார்த்தவன் நான். பிடியை மட்டும் பிடி, உதைத்தால் விட்டுவிடு. கிளம்பிய பிறகு ஃபிளைவீல் திறந்தபடியே சுழலும். கூந்தலை முடிந்துகொள், துப்பட்டாவைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போ. எஞ்சின் ஓடும்போது மூடியை மாட்ட முயலாதே, மெதுவாகக் கரைக்கு வந்து சேர். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு உன் உடம்பிலேயே மாட்டியிருக்கட்டும்.

பார்சலில் உள்ள சின்னத் துணிப்பை அம்மா தைத்தது. கழற்றும் போல்ட்டுகளை அதில் போடு. கடலில் விழுந்தால் தேட முடியாது. அவற்றுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் படகில் இருக்க வேண்டும்.

இது கரைக்கு வந்து சேர்வதற்கு மட்டுமே. மெக்கானிக்கிடம் சொல்லி உள்ளே இருக்கும் கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள். இனி அதை அவ்வப்போது முழுதாக வெளியே இழுத்துப் பார். பிடிக்கு அருகில்தான் முதலில் நைந்துபோகும்.

கரையிலேயே ஒருமுறை மூடியைக் கழற்றி, முடிச்சு வெட்டில் உட்காருகிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. பெரிதாக இருந்தால் வேறு முடிச்சுப் போட்டு இன்னொன்று அனுப்புகிறேன். கயிறு மீதம் இருக்கிறது.

அன்புடன்
அப்பா