உன் நாடி 86

அன்பு மகள் தேன்மொழிக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

அப்பாவும் நானும் நலம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பாய் என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி கண்ணு.

பொங்கலுக்கு வந்திருந்தாயே, மாட்டுப் பொங்கலன்று விடிகாலையில் நீ இன்னும் படுக்கையில் இருக்கும்போதே உன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். முப்பத்தோரு வருடம் வார்டில் பிடித்துப் பழகிய கை, சும்மா இருக்காது. முழு ஒரு நிமிடம் எண்ணினேன். 86. நீயோ கைக்கடிகாரத்தைக் காட்டி, "60லிருந்து 100 வரை நார்மல்தானேம்மா" என்றாய்.

நார்மல்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ கல்லூரியில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்த காலத்தில், முதல் தடவை ரத்த தானம் கொடுக்கக் கிளம்பிய அன்று பார்த்தேன். அப்போது 64. என் பழைய நோட்டில் தேதியோடு இருக்கிறது. இன்றைக்கு 86 என்பதைவிட, 64 எப்படி 86 ஆனது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நார்வேயில் ஏறக்குறைய 29,000 பேருக்கு, இதய நோய் இல்லாதவர்களாகப் பார்த்து, பத்து வருட இடைவெளியில் இரண்டு தடவை நாடி எண்ணினார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது. முதலில் 70க்குக் கீழே இருந்து, பிறகு 85ஐத் தாண்டியவர்களுக்கு, இரண்டு தடவையும் 70க்குக் கீழேயே இருந்தவர்களைவிட மாரடைப்பு போன்ற இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பயந்துவிடாதே. உன் வயதில் அந்த ஆபத்து மிகச் சிறியது, இரண்டு மடங்கானாலும் சிறியதுதான். நாடி ஏறியதால்தான் நோய் வந்தது என்றும் அதற்கு அர்த்தமில்லை. ஆனால் உடம்பு எதையோ சொல்கிறது, அதைக் கேட்க வேண்டும்.

இதயத்துக்கு நாம் தூங்கும்போதுகூட லீவு கிடையாது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் அதன் ஓய்வு. இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் போய்ச் சேருகிறது. நாடி வேகமாக ஓடினால் முதலில் குறைவது அந்த இடைவெளிதான். 64க்கும் 86க்கும் நிமிடத்துக்கு 22 வித்தியாசம் என்றால், ஒரு நாளைக்கு 31,680 துடிப்பு கூடுதல். அன்று நீ குளிக்கப் போனபோது காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போது எனக்கு மாதக்கணக்கில் நாடி 96, 98 என்று ஓடிக்கொண்டிருந்தது. தினமும் நாற்பது பேருக்குக் காய்ச்சல், நாடி, மூச்சு எண்ணிக்கை குறிக்கும் டி.பி.ஆர். சார்ட் எழுதுகிறவள், என் நாடியை மட்டும் டூட்டி அலைச்சல் என்று தள்ளிவிட்டேன். படி ஏறினால் மூச்சு வாங்கியது, அதையும் வயது என்றேன். கடைசியில் கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, கையோடு ரத்தம் எடுத்தார். ஹீமோகுளோபின் 7.8, ரத்த சோகை. இரும்புச் சத்து மாத்திரை நாலு மாதம் சாப்பிட்டேன், நாடி 76க்கு வந்தது. ரத்தம் வெளுத்திருந்ததால் இருக்கிற ரத்தத்தை வைத்து இதயம் ஓடி ஓடி ஈடுகட்டியிருக்கிறது. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை. பிரஷரும் பார். அதெல்லாம் சரியாக இருந்தால், மிச்சம் உன் பழக்கம்தான். ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறாய், தண்ணீர் குடிக்க மறக்கிறாய், கோ-கோ ஆடிய கால் இப்போது நாற்காலியைவிட்டு நகர்வதில்லை. தினமும் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் நட. பழகப் பழக இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் தள்ளும், எண்ணிக்கை தானாக இறங்கும். வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில்.

எண்ணிக்கையைக் குறைக்க யாராவது மாத்திரை சொன்னால் வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. இதயம் பலவீனமானவர்களுக்கு அது வேறு கதை, டாக்டர் கொடுப்பார். மற்றபடி, இதய ரத்தக்குழாய் அடைப்பு இருந்தும் இதயம் பலவீனமாகாதவர்களுக்கு இவாபிரடின் என்ற மாத்திரையைக் கொடுத்து நாடியை மட்டும் இறக்கிப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2014இல் வந்துவிட்டது.

எப்படிப் பார்ப்பது என்று மறந்திருப்பாய். காபிக்கு முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வை, கட்டைவிரலை வைக்காதே, அதற்கே துடிப்பு உண்டு. முழு நிமிடம் எண்ணு. நடுநடுவே தாளம் தப்பினாலோ, சும்மா இருக்கும்போதே 100க்கு மேல் நின்றாலோ, தலை சுற்றினாலோ எனக்குப் போன் செய்யாமல் நேராக டாக்டரிடம் போ.

அப்பாவும் நானும் இப்போது தடப்பள்ளி வாய்க்கால் கரையில் தினமும் நடக்கிறோம். கொக்கு நிற்கும் இடம்வரை போய்த் திரும்புகிறோம். நாடி அவருக்கு 70, எனக்கு 72. நோட்டில் உனக்கென்று ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஏழு நாள் காலை எண்ணிக்கையை ஞாயிற்றுக்கிழமை சொல், எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா
கோபிசெட்டிபாளையம்